முப்பது அடி என்ற பொய்க்கணக்கு

ஒரு குகை. உள்ளே பதினோரு கோப்ளின்கள். மந்திரவாதியாக ஆடுபவர் ஒரு தீப்பந்தை வீசுகிறார். விதிப்புத்தகத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது: 150 அடி தூரம் வரை வீசலாம், விழுந்த இடத்திலிருந்து 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் அத்தனை பேரும் மாட்டுவார்கள். மேஜையில் வரைபடம் கிடையாது, காய்கள் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சில்தான். "எத்தனை பேர் மாட்டினாங்க?" என்று கேட்டதும் ஆட்டத்தை நடத்துபவர் தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்க்கிறார். "ம்ம்... ஒரு அஞ்சு பேர்."

ஏன் அஞ்சு? ஏன் எட்டு இல்லை? ஆரம் புத்தகத்தில் இருந்தது, விடை மட்டும் விட்டத்தில் இருந்தது!

டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் ஆட்டங்கள் என்ற உலகத்தில் தினமும் நடக்கும் கூத்து இது. பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். உலகம், எதிரிகள், தீர்ப்பு எல்லாம் அவர் பொறுப்பு. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையின் தாய். இதில் சண்டை வந்தால் யார் எங்கே நிற்கிறார், யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. ஐம்பது வருடமாக இந்த விதிகளை எழுதுகிறார்கள். ஐம்பது வருடமாகப் பாதிப்பேர் தப்பான கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் கேட்கும் கேள்வி: "எத்தனை அடி?" கேட்க வேண்டிய கேள்வி: "நகர்ந்தால் என்ன விலை, என்ன லாபம்?"

அங்குலம் வந்த கதை

இந்த அடிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். டி அண்ட் டி பிறப்பதற்கு முன்பே, 1971-ல், கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிகளை வெளியிட்டார்கள். சின்னச் சின்னப் பொம்மை வீரர்களை மேஜையில் பரப்பி, ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்தும் ஆட்டம். அங்கே அங்குலம் என்றால் நிஜமாகவே அங்குலம். மேஜையில் அளக்கலாம். சந்தேகம் வந்தால் இரண்டு பேரும் குனிந்து பார்க்கலாம். நேர்மையான விதி.

அந்த அங்குலம் அப்படியே ரோல்ப்ளே ஆட்டத்துக்குள் குடியேறியது. பொம்மைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்குலம் மட்டும் தங்கிவிட்டது. 1978-ல் வந்த அட்வான்ஸ்ட் டி அண்ட் டி ஆட்டக்காரர் புத்தகத்தில் ஒரு அங்குலம் என்றால் சுரங்கத்துக்குள் 10 அடி, வெட்டவெளியில் 10 கெஜம். நீள வில்லின் உச்ச தூரம் 21 அங்குலம். அதாவது கூரைக்குக் கீழே 210 அடி போகும் அம்பு, வாசலைத் தாண்டினால் 630 அடி போகும்! இதற்கு எத்தனை சப்பைக்கட்டு கட்டினாலும் உண்மை ஒன்றுதான்: அளக்க எதுவும் இல்லாத இடத்தில் அளவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு திண்டாடினார்கள்.

2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. 5 அடிக்கு ஒரு கட்டம், 6 விநாடிக்கு ஒரு சுற்று என்று ஒழுங்கு வந்தது. 2003-ல் வந்த 3.5 பதிப்பு கட்டங்களை இன்னும் இறுக்கியது. முந்தைய பதிப்பில் 5 அடிக்கு 10 அடி இடத்தில் நின்ற குதிரை, இதில் 10 அடிக்கு 10 அடி சதுரமாக வீங்கிவிட்டது. கட்டத்துக்குள் அடங்க வேண்டுமே! 2008-ல் நான்காம் பதிப்பு அடியையே தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கட்டத்தில் சொன்னது. தீப்பந்து ஏழுக்கு ஏழு கட்டச் சதுரமாக வெடித்தது. உருண்டைத் தீ சதுரமானதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் எத்தனை பேர் மாட்டினார்கள் என்று எண்ணுவதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் 2014-ல் ஐந்தாம் பதிப்பு. இதுதான் பொய்க்கணக்கின் உச்சம். தூரம் மறுபடியும் அடிக்கு வந்தது. வேகம் 30 அடி, நீள வில் 150 அடி (நீட்டினால் 600), குறு வில் 80 அடி (நீட்டினால் 320). ஆனால் கட்டம் போட்ட வரைபடம்? அது "விரும்பினால்" என்று ஒரு பெட்டிச் செய்தியாக ஒதுங்கிவிட்டது. எண்கள் எல்லாம் வரைபடத்துக்கு உரியவை. வரைபடம் மட்டும் கட்டாயமில்லை. பேரேடு இல்லாமல் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுகிறோம் என்று ஒரு கம்பெனி சொன்னால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

'யதார்த்தம்' என்ற பம்மாத்து

உடனே ஒரு கூட்டம் வரும். "அடியில் சொன்னால்தான் யதார்த்தமாக இருக்கும்" என்று ஜல்லியடிப்பார்கள். சரி, யதார்த்தத்தையே பார்த்துவிடலாம்.

6 விநாடிக்கு 30 அடி என்றால் விநாடிக்கு 5 அடி. மணிக்குச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று விறுவிறுவென்று நடப்பவரின் வேகம். உயிர் போகிற சண்டையில், உருவிய வாளுடன், இந்த வேகத்தில்தான் வீரர்கள் உலாவுகிறார்கள். வேறு எதுவும் செய்யாமல் ஓடினால் இரட்டிப்பு, அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். காலை ஜாகிங்!

நிஜத்தில் என்ன நடக்கும்? அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983-ல் ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். கத்தியுடன் நிற்கும் ஒருவர் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து 21 அடியைக் கடக்கச் சுமார் ஒன்றரை விநாடி போதும் என்பது அதன் சாரம். அந்த வேகத்தில் 6 விநாடிக்கு 84 அடி வரும். ஆட்டம் தருவது 30. மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

மூலைவிட்டக் கதை இன்னும் வேடிக்கை. கட்டத்தில் குறுக்காக நகர்ந்தால் நிஜத் தூரம் 1.41 மடங்கு. 3.5 பதிப்பு, ஒன்று விட்டு ஒரு குறுக்கு நகர்வை இரண்டு கட்டமாக எண்ணச் சொன்னது. கணக்கு ஓரளவு சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ண வேண்டும். நான்காம் பதிப்பு, சதுரங்க ராஜா மாதிரி குறுக்கும் ஒரு கட்டம்தான் என்று முடித்துக்கொண்டது. அதன்படி ஆறு கட்டம் குறுக்கே போகிறவர் 30 அடி விலையில் 42 அடி நடக்கிறார். கோணத்துக்கு 12 அடி தள்ளுபடி!

அறுகோணம் போட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்பார்கள். 1977-ல் ஸ்டீவ் ஜாக்சன் எழுதிய மெலீயும் 1986-ல் அவரே கொண்டுவந்த கர்ப்ஸும் அறுகோணத்தில்தான் சண்டை போட்டன. வெட்டவெளியில் அருமை. அறைக்குள் நுழைந்ததும் நேர்ச்சுவர் அறுகோணங்களைப் பாதி பாதியாக வெட்டும். அந்தப் பாதிக்குள் ஆள் நிற்கலாமா கூடாதா என்று அடுத்த பஞ்சாயத்து.

ஆக, யதார்த்தம் எங்கேயும் இல்லை. எல்லாம் ஒரு ஒப்பந்தம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, ஒப்பந்தத்தை உண்மை என்று விற்பதற்கு.

வாயுள்ளவர் பிழைத்துக்கொள்வார்

"ஆட்டம்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு சூடு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தூர விதி பொய்யாகும்போது பாதிக்கப்படுவது யதார்த்தம் இல்லை, நியாயம்.

வரைபடம் இல்லாத மேஜையில் ஒவ்வொரு தூரமும் ஒரு பேரமாக மாறுகிறது. நன்றாகப் பேசத் தெரிந்த ஆட்டக்காரர், "அண்ணே, நான் தூணுக்குப் பின்னாடிதானே நின்னேன்? மூச்சுக்காத்து எனக்கு எப்படி வரும்?" என்று ஆரம்பிப்பார். கேம் மாஸ்டரும், "சரிப்பா, நீ தப்பிச்சே" என்று விட்டுவிடுவார். அதே மேஜையின் மூலையில், போன மாதம்தான் ஆட வந்த பெண் ஒருத்தி இருப்பாள். அவளும் தூணுக்குப் பின்னால்தான் நின்றாள். ஆனால் அதைச் சத்தமாகச் சொல்ல அவளுக்குக் கூச்சம். டிராகன் மூச்சில் வெந்துபோவது அவளுடைய பாத்திரம்தான். விதி யாரையும் பாரபட்சம் பார்க்கவில்லை, ஏனென்றால் அங்கே விதியே இல்லை. இருந்தது ஒருவரின் ஞாபகமும் இன்னொருவரின் வாயும்.

இந்தப் பேரத்தில் கேம் மாஸ்டரும் பாவம்தான். பதினோரு கோப்ளின், ஐந்து ஆட்டக்காரர்கள், இரண்டு தூண், ஒரு பள்ளம் என்று எல்லாவற்றின் இடத்தையும் அடி அடியாகத் தலைக்குள் வைத்திருக்க எந்த மனிதராலும் முடியாது. அதனால் அவர் ஊகிக்கிறார். ஊகம் என்றால் சாய்வு இருக்கும். நல்லவராக இருந்தாலும் இருக்கும்.

"நல்ல கேம் மாஸ்டர் இருந்தா எல்லாம் சரியா நடக்கும்" என்பது அடுத்த வாதம். நல்ல கேஷியர் இருந்தால் ரசீது வேண்டாம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ரசீது, கேஷியரை நம்பாததால் கொடுப்பது இல்லை. நாளைக்குச் சந்தேகம் வந்தால் இரண்டு பேருக்கும் பொதுவாகக் காட்ட ஒன்று வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது. நல்ல ஆள் இருந்தால் மட்டும் ஓடும் விதி, விதி அல்ல. அது பிரார்த்தனை.

இந்த ஓட்டை புத்தகம் எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் இருந்தது. 2014 பதிப்பின் கேம் மாஸ்டர் புத்தகத்திலேயே ஒரு அட்டவணை இருக்கிறது. வரைபடம் இல்லாமல் ஆடுகிறீர்களா? கோள வடிவ மந்திரம் என்றால் ஆரத்தை 5-ஆல் வகுங்கள், கூம்பு என்றால் நீளத்தை 10-ஆல் வகுங்கள், கிடைப்பதுதான் தோராயமாக மாட்டும் ஆட்களின் எண்ணிக்கை. அதன்படி 20 அடி தீப்பந்துக்கு 4 பேர். சபாஷ்! அப்படியானால் மந்திரத்தின் விவரத்திலேயே "4 பேர்" என்று எழுதியிருக்கலாமே? எதற்கு 20 அடி என்று எழுதி, இன்னொரு புத்தகத்தில் வகுக்கச் சொல்ல வேண்டும்? ஆட்டக்காரர் கையில் இருக்கும் புத்தகத்தில் அடி, நடத்துபவர் கையில் இருக்கும் புத்தகத்தில் விடை.

குள்ளர்களின் கதையும் அதேதான். 2014-ல் மனிதர்களுக்கு வேகம் 30 அடி, குள்ளர்களுக்கு 25. வரைபடம் இருந்தால் அந்த 5 அடி ஒரு முழுக் கட்டம். வரைபடம் இல்லாவிட்டால்? "நீ குள்ளன், உன்னால எட்ட முடியாது" என்று சொல்ல நடத்துபவருக்கு ஒரு சாக்கு. வேறு பயன் இல்லை. 2024-ல் ஆட்டக்காரர் புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டபோது குள்ளர்களுக்கும் 30 என்று ஆக்கிவிட்டார்கள். பத்து வருடம் அந்த 5 அடியால் பல மேஜைகளில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஒப்புதல் வேண்டாம்.

கட்டம் போட்டால் மட்டும் போதுமா?

இதைப் படித்துவிட்டு வரைபடக் கட்சிக்காரர்கள் கைதட்ட ஆரம்பிக்க வேண்டாம். அவர்கள் வீட்டுக் கூரையும் ஒழுகத்தான் செய்கிறது.

மூன்றாம் பதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். கட்டம் இருந்தது, காய் இருந்தது, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் சண்டை தொடங்கிய இரண்டாவது சுற்றிலேயே எல்லோரும் நட்ட மரம் மாதிரி நின்றுவிடுவார்கள். ஏன்? விதி அப்படி. இருபதாம் நிலைப் போர்வீரர் ஒரு சுற்றில் நான்கு முறை வெட்டலாம், ஆனால் 5 அடிக்கு மேல் நகராமல் இருந்தால்தான். 10 அடி நடந்துவிட்டால் ஒரே ஒரு வெட்டு. அதோடு, எதிரியின் வீச்சுக்குள்ளிருந்து அடியெடுத்து வைத்தால் அவருக்கு இலவசமாக ஒரு தாக்குதல். ஆக, நகர்வதற்கு இரண்டு அபராதம்: கையில் இருந்த மூன்று வெட்டும் போச்சு, முதுகில் ஒரு வெட்டும் வந்தாச்சு. இதற்கு எதிரே நகர்ந்தால் கிடைக்கும் லாபம்? பெரும்பாலும் சைபர்.

பொருளியலில் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள்: ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட அடுத்த நல்ல வாய்ப்புதான் அதன் உண்மையான விலை. வாய்ப்புச் செலவு. நடப்பதன் விலை 30 அடியில் 10 அடி இல்லை. நடந்ததால் போன மூன்று வெட்டுதான் விலை. வடிவமைத்தவர்கள் அடிக்கு விலைப்பட்டியல் போட்டார்கள், வாய்ப்புக்குப் போட மறந்துவிட்டார்கள். கட்டங்களை எத்தனை அழகாக வரைந்தாலும், அசைந்தால் நஷ்டம் என்று விதி இருந்தால் ஒருவரும் அசைய மாட்டார்கள். அவ்வளவு பெரிய வரைபடத்தில் நடுவே நாலு கட்டம்தான் பயன்படும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஆட்டம் 2019-ல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு. ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு மூன்று செயல். நடப்பது ஒரு செயல், வெட்டுவது ஒரு செயல். மூன்று முறையும் வெட்டலாமே என்றால் வெட்டலாம், ஆனால் இரண்டாவது வெட்டுக்குப் பகடையில் 5 கழியும், மூன்றாவதுக்கு 10 கழியும். இருபது பக்கப் பகடையில் 10 கழித்தால் என்ன மிஞ்சும்? அதனால் மூன்றாவது செயல் கிட்டத்தட்ட மலிவு விலைக்கு வருகிறது. அதில் நகரலாம், கேடயம் தூக்கலாம், எதிரியை மிரட்டலாம். போதாக்குறைக்கு, விலகிப் போகிறவரை இலவசமாகத் தாக்கும் உரிமையை எல்லோருக்கும் வாரி வழங்காமல் போர்வீரருக்கும் சில எதிரிகளுக்கும் மட்டும் கொடுத்தார்கள். மற்ற வகுப்பினர் பிறகு தனியாகத்தான் சம்பாதிக்க வேண்டும். அப்புறம் பாருங்கள், அதே 5 அடிக் கட்டம்தான், ஆட்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்! மாறியது வரைபடம் இல்லை, விலை.

நான்காம் பதிப்பு இன்னொரு வழியைக் கண்டது. தானாக நகர ஆள் தயங்கினால் என்ன, எதிரியை நகர்த்து! தள்ளு, இழு, சறுக்கவிடு என்று அதன் தாக்குதல்களில் பாதி ஆட்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் பள்ளமோ நெருப்போ இருந்தால் இரண்டு கட்டத் தள்ளு, பத்து வெட்டுக்குச் சமம். இங்கே கட்டம் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறது. 2019-ல் வந்த லான்ஸர், 2025-ல் வந்த டிரா ஸ்டீல் இரண்டும் இந்த வழியில் வந்தவைதான். தள்ளுவதும் இடம் பிடிப்பதும்தான் ஆட்டத்தின் ருசி என்றால் வரைபடம் கட்டாயம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிற ஆட்டங்கள். மரியாதைக்கு உரியவை.

கூப்பிடு தூரம்

அப்படியானால் வரைபடம் வேண்டாம் என்பவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அது ஏற்கெனவே தமிழில் இருக்கிறது!

கைக்கெட்டும் தூரம். கல்லெறி தூரம். கூப்பிடு தூரம். கண்ணுக்கெட்டிய தூரம். இதில் எதிலாவது எண் இருக்கிறதா? இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வினை இருக்கிறது. கை எட்டுமா, கல் போகுமா, குரல் கேட்குமா, கண்ணுக்குத் தெரியுமா. "எவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்கு "அங்கிருந்து என்ன செய்ய முடியும்?" என்று பதில் சொல்லும் சொற்கள் இவை. சண்டை விதிக்குத் தேவையானது இதுதான்.

கபடியில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு இருக்கிறது. பாடிக்கொண்டு போகிறவர் யாரையும் தொடாவிட்டாலும் அதையாவது தாண்டித் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அவுட். அதற்கு 1 மீட்டர் தள்ளி போனஸ் கோடு. பார்க்க உட்கார்ந்திருக்கும் யாராவது 3.75 மீட்டர் என்று மனசில் வைத்துப் பார்க்கிறார்களா? கோட்டைத் தாண்டினாரா, தாண்டவில்லையா என்பதுதான் கேள்வி. உள்ளே போகப் போக ஆபத்து ஏறும், புள்ளியும் ஏறும். தூரத்துக்கு விலையும் உண்டு, லாபமும் உண்டு. தகராறு வந்தால் நடுவரின் கருணையைக் கேட்க வேண்டாம், கோட்டைக் கேட்டால் போதும்.

ரோல்ப்ளே ஆட்டங்களில் இதைக் கண்டுபிடித்தவர்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லை. 1977-ல் மார்க் மில்லர் கொண்டுவந்த விண்வெளி ஆட்டமான ட்ராவலரில் தூரம் ஐந்து அடுக்கு: நெருக்கம், குறுந்தூரம், நடுத்தூரம், நெடுந்தூரம், மிக நெடுந்தூரம். ஒரு கோடுபோட்ட தாள் போதும். கோடுகள்தான் அடுக்கு, அதில் ஆளுக்கொரு குறி. டி அண்ட் டி அங்குலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில்!

2006-ல் வந்த ஸ்பிரிட் ஆஃப் தி செஞ்சுரியும் 2013-ல் வந்த ஃபேட் கோரும் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்தன. திண்ணை ஒரு பகுதி, கூடம் ஒரு பகுதி, மாடிப்படி ஒரு பகுதி என்பது மாதிரி. ஒரே பகுதியில் இருந்தால் கைகலப்பு. ஃபேட் கோரில் தடை இல்லாவிட்டால் பக்கத்துப் பகுதிக்கு நகர்வது இலவசம். தடை இருந்தால் அதைத் தாண்டப் பகடை உருட்ட வேண்டும். நாலு காகிதத் துண்டில் எழுதிப் போட்டால் முடிந்தது.

எல்லாவற்றையும்விட அழுத்தமான சாட்சி 2013-ல் வந்த தர்ட்டீன்த் ஏஜ். இதை எழுதிய இருவர் யார் தெரியுமா? டி அண்ட் டி மூன்றாம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர் ஜோனதன் ட்வீட், நான்காம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர் ராப் ஹைன்சூ. கட்டத்தைக் கோயில் கட்டிக் கும்பிட்ட இரண்டு பதிப்புகளின் பூசாரிகள்! அவர்கள் தங்கள் சொந்த ஆட்டத்தில் வைத்தது மூன்றே நிலை: மோதிக்கொண்டிருப்பது, பக்கத்தில் இருப்பது, தொலைவில் இருப்பது. பக்கத்தில் இருப்பவரை ஒரே நகர்வில் எட்டலாம். மோதலிலிருந்து சேதமில்லாமல் விலக வேண்டுமானால் இருபது பக்கப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். யாரோடும் மோதாமல் சும்மா நிற்கும் வீரர், தன்னைத் தாண்டி நண்பரிடம் ஓடும் எதிரியைக் குறுக்கே மறிக்கலாம். இந்த மறிப்பு விதி ஒன்றே, மந்திரவாதிக்கு முன்னால் போர்வீரர் நிற்பதற்கு அர்த்தம் கொடுத்துவிடுகிறது. ஒரு அடிகூட அளக்காமல்.

2025-ல் வந்த டாகர்ஹார்ட் இன்னும் சாமர்த்தியம். அடுக்குகளைச் சொல்லிவிட்டு, காய் வைத்து ஆடுகிறவர்களுக்கு அளவுகோலையும் மேஜையிலிருந்தே எடுத்துக் கொடுத்தது: மிக அருகு என்றால் சீட்டின் குறுகிய பக்கம், அருகு என்றால் ஒரு பேனா நீளம், தொலைவு என்றால் ஒரு தாளின் நீளம். 1971-ன் ஸ்கேல் மறுபடி வந்துவிட்டது, ஆனால் இந்த முறை எல்லோர் கையிலும் இருக்கிறது.

இதற்கும் ஒரு ஆட்சேபம் உண்டு. "இரண்டு பகுதிக்கு நடுவில் நின்றால் என்ன செய்வது?" என்பார்கள். நிற்க முடியாது, அவ்வளவுதான். கட்டத்தில் இரண்டு கட்டத்துக்கு நடுவே நிற்க முடியுமா? அதைச் சகிப்பவர்கள் இதையும் சகிக்கலாம். இன்னொரு ஆட்சேபம் நியாயமானது: ஒரே ஒரு ஆள் அகலமுள்ள சந்து, எட்டுத் திசையும் சூழ்ந்துகொள்வது, பள்ளத்தின் விளிம்புக்கு இரண்டு எட்டு முன்னால் நிற்பது... இதையெல்லாம் பகுதி விதி மழுக்கிவிடும். உண்மைதான். அந்த நுணுக்கம்தான் வேண்டுமென்றால் கட்டம் போடுங்கள், காய் வையுங்கள், சுற்றுக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாகச் செலவழியுங்கள். விலை கொடுத்து வாங்கும் பொருள் அது. விலை கொடுக்காமல் அதே பொருள் கிடைக்கும் என்று சொல்வதுதான் மோசடி.

மூன்று கேள்விகள்

சொந்தமாக ஆட்டம் எழுதுகிறவர்களும், வீட்டு விதி போடுகிறவர்களும் தங்கள் தூர விதியை மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: "இப்போது யார் யாரை எட்ட முடியும்?" என்ற கேள்விக்கு மேஜையில் இருக்கும் எல்லோரும், கேம் மாஸ்டரைக் கேட்காமல், ஒரே விடையைச் சொல்வார்களா? ஆளுக்கொரு விடை வந்தால் விதி தோற்றது. கட்டம் போட்ட தாளும் இதில் தேறும், நாலு காகிதத் துண்டும் தேறும். வெறும் வாயில் சொல்லும் 30 அடி தேறாது.

இரண்டு: நகர்வதற்கு விலை என்ன? அடியில் சொல்லக் கூடாது. நகர்ந்ததால் எதைச் செய்ய முடியாமல் போகிறது, எந்த ஆபத்து வருகிறது என்று சொல்ல வேண்டும். விலையே இல்லாவிட்டால் எல்லோரும் காரணமில்லாமல் சுற்றுவார்கள். விலை அதிகமானால் நட்ட மரம்.

மூன்று: நகர்ந்தால் லாபம் என்ன? மறைவிடம், உயரம், ஒரு நண்பரைக் காப்பாற்றுவது, கதவைச் சாத்துவது, ஒருவரைப் பள்ளத்தில் தள்ளுவது. ஏதாவது ஒன்று அந்த அறையில் இருக்க வேண்டும். வெறும் தரையில் எந்த விதியைப் போட்டாலும் சண்டை நிற்கத்தான் செய்யும். இது விதி எழுதுபவரின் வேலை மட்டும் இல்லை, குகையை வரைகிறவரின் வேலையும்கூட.

மூன்றுக்கும் விடை இருந்தால் அளவு அடியில் இருந்தாலும் கட்டத்தில் இருந்தாலும் கவலையில்லை. விடை இல்லாவிட்டால் 5 அடி, 30 அடி, 150 அடி என்று பக்கம் பக்கமாக அச்சடித்தாலும் அது அலங்காரம்தான். அந்த அலங்காரத்துக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் விட்டத்தைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த எண் யாருக்குச் சாதகமாக விழும் என்பது யார் சத்தமாகப் பேசினார் என்பதைப் பொறுத்தது.

நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை ஒதுக்கி உட்காருவது ஆட்டம் ஆட. ஒரே ஒருவருடைய ஊகத்துக்குத் தலையாட்ட இல்லை. மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், வாயைத் திறக்காமலேயே, மேஜையைக் காட்டி "நான் இங்க இருக்கேன், அது என்னை எட்டாது" என்று விரலால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது தூர விதி. முடியாவிட்டால் எத்தனை அடி எழுதி வைத்திருந்தாலும் அது பொய்க்கணக்கு.